ஒரு ஆயில் சீலுக்காகக் குர்லா வரை

ஆகஸ்ட் 5, 2024, திங்கள். சென்னை, ஜி.பி. ரோடு

வண்டி 1986 பிரீமியர் பத்மினி. பெட்ரோல், 1089 சிசி, ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். ஓடுகிற வண்டிதான். தேடுவதும் பெரிய சாமான் இல்லை. பாயிண்ட் செட், கண்டன்சர், ஏசி பம்ப் எனப்படும் பெட்ரோல் பம்பின் டயாப்ரம் கிட், பிரேக் வீல் சிலிண்டருக்கான ரப்பர் கப், டைனமோ பேரிங், கார்பன் பிரஷ், கியர் லிங்கேஜ் புஷ், கதவைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங், கதவின் முக்கோணக் கண்ணாடியைப் பூட்டும் வென்டிலேட்டர் கொண்டி ஒரு ஜோடி, பின்பக்க லாம்ப் கண்ணாடி, சோலெக்ஸ் கார்புரேட்டர் ஜெட், பிறகு கியர்பாக்ஸ் பின்பக்கத்தில் ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல். எல்லாம் ஒரு துணிப்பைக்குள் அடங்கும்.

கிளம்புவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. கழற்றிய ஒவ்வொரு பழைய சாமானையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைக்க வேண்டும். சாமானின் பெயர், எத்தனை வேண்டும், மூன்று அளவுகள், மரையானால் அதன் இடைவெளி, இடது வலது எது என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். பையில் 150 மி.மீ. வெர்னியர், மரை கேஜ், சிறு காந்தம், டார்ச், கண்டன்சர் அளக்கத் தெரிந்த மல்டிமீட்டர். எல்லாம் சேர்ந்து ஒரு கிலோகூட வராது. வெர்னியர் இல்லாமல் கடை ஏறினால் கடைக்காரர் ஞாபகத்தை மட்டும் நம்பி வாங்கவேண்டி வரும்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகள் சுறுசுறுப்பாவது காலை பத்தரைக்கு மேல்தான். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. கவுன்ட்டரில் நிற்கும் இளைஞர் கம்ப்யூட்டரைப் பார்த்து "பத்மினி வர்றதில்ல சார்" என்றால் திரும்பிவிடக் கூடாது. உள்ளே யாராவது பெரியவர் இருப்பார். அவரிடம் "ஃபியட் லெவன் ஹன்ட்ரட்" என்று கேட்க வேண்டும். பழைய கடைகளில் அட்டைப்பெட்டிகள் அந்தப் பெயரில்தான் அடுக்கியிருக்கும். டீசல் 137டி வண்டியா, பெட்ரோலா என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாவது கடையில் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: "சாம்பிள் எங்க தம்பி?" எடுத்துக் காட்டியதும் பரணிலிருந்து பாயிண்ட் செட் இறங்கியது. பாயிண்ட் 180 ரூபாய், கண்டன்சர் 70.

பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டித்து, பிளக்கில் பொறி வரவைக்கும் இரட்டை முனை. வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. இரண்டு முனைகளும் நேருக்கு நேர் முழு முகத்தோடு படுகின்றனவா? கேமில் உரசும் ஃபைபர் குதி இறுக்கமாக ரிவெட் ஆகியிருக்கிறதா? குதி ஆடினால் ஆயிரம் கிலோமீட்டருக்குள் இடைவெளி மூடிக்கொண்டு வண்டி இழுக்காது. லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. கண்டன்சரை மீட்டரில் வைத்தால் சுமார் 0.2 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டும். நான்கு கண்டன்சர்களை அளந்ததில் ஒன்று 0.09 காட்டியது. பெரியவர் முகம் சுளிக்காமல் அதை எடுத்துக் குப்பையில் போட்டார்.

அதே கடையில் பெட்டி பிரிக்காத பிரேக் கப் கிட்டும் இருந்தது. பழைய ஒரிஜினல் சரக்கு, விலையும் மலிவு. வாங்கவில்லை. உலோகச் சாமான் இருபது வருடம் பெட்டிக்குள் கிடந்தால் கெடாது, ரப்பர் கெடும். கப்பின் உதட்டை விரல் நகத்தால் வளைத்துப் பார்த்தால், நல்லது உடனே நிமிரும். பழையது மெதுவாக நிமிரும், அல்லது மடிந்த இடத்தில் மெல்லிய கோடு விழும். பிரேக்கில் அந்தக் கோடு கசிவாகும். பெட்டியின் மேல் இருக்கும் பெயரைவிட ரப்பரின் வயது முக்கியம்.

ஆயில் சீல் மட்டும் கிடைக்கவில்லை. ஐந்து கடைகளிலும் "பத்மினி கியர்பாக்ஸ் சீலா? அது எப்பவோ போச்சு" என்ற ஒரே பதில்.

ஆகஸ்ட் 6, செவ்வாய். புதுப்பேட்டை

ஆடிச் செவ்வாய். தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் கிரீஸோடு வரிசையில் நின்ற மெக்கானிக் பையன்கள், வெளியூர்ப் பை தூக்கியவரைப் பார்த்து "நீங்க முன்னாடி போங்கண்ணே" என்று வழிவிட்டார்கள். முருங்கைக்கீரைப் பொரியலோடு சொம்பு நிறையக் கூழ். அந்த வெயிலுக்கு அதைவிட நல்ல காலைச் சாப்பாடு வேறில்லை.

புதுப்பேட்டையில் தேடவேண்டியது உடைத்த வண்டிகளின் உடம்புச் சாமான்கள். கைப்பிடி, கொண்டி, லாம்ப், வைப்பர் வீல்பாக்ஸ், கண்ணாடி ஏற்றும் ராட்டை போன்றவை. பத்மினி முழுதாக வருவது இப்போது அபூர்வம். ஆனால் வாளி வாளியாகக் கொட்டிவைத்த சில்லறைச் சாமானுக்குள் ஃபியட் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன. கடைக்காரர் பாய் ஒரு முக்காலியைத் தள்ளிப்போட்டு, டீயும் சொல்லி, "தேடி எடுத்துக்குங்க, அவசரமில்ல" என்றார். ஒன்றரை மணி நேரம் தேடியதில் வலது வென்டிலேட்டர் கொண்டி ஒன்று கிடைத்தது. 150 ரூபாய். இடது இல்லை.

இந்தக் கொண்டி துத்தநாகக் கலவை வார்ப்பு. குரோம் பூச்சுக்கு அடியில் புள்ளி புள்ளியாகப் பொங்கியிருந்தால் உலோகமே உள்ளுக்குள் அரித்துவிட்டது என்று பொருள். அதை மறுபடி குரோம் போடக் கொடுத்தால் அமிலத் தொட்டியில் பள்ளம்தான் பெரிதாகும். ஆகையால் பூச்சு தேய்ந்து மஞ்சளாகத் தெரிவதை வாங்கலாம், பொங்கியதை வாங்கக் கூடாது. சுழலும் ஊசித்துளையையும் பார்க்க வேண்டும். அது நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் ஓடும்போது கண்ணாடி தானாகத் திறந்துகொள்ளும்.

எஞ்சின், கியர்பாக்ஸ் என்று எண் பொறித்த எதை வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். சில்லறைச் சாமானுக்கு யாரும் தருவதில்லை. ஆனால் எண் உள்ளதற்குத் தர மறுத்தால் அந்தச் சாமானைத் தொடவே வேண்டாம்.

ஆகஸ்ட் 7, புதன். பாரிமுனை

இந்தப் பயணத்திலேயே மிகுந்த பலன் தந்த நாள் இதுதான். இங்கே கார் கடையே தேவைப்படவில்லை. பேரிங், ஹோஸ், கார்க் ஷீட், ஓரிங் எல்லாம் எந்த மோட்டாருக்கும் எந்தப் பம்புக்கும் விற்கிற பொதுச் சரக்கு. கடையில் வண்டிப் பெயரைச் சொன்னாலே குழப்பம் வரும். எண்ணை மட்டும் சொல்ல வேண்டும்.

பேரிங்கின் வளையத்தில் எண் பொறித்திருக்கும். டைனமோவில் இருந்தது 6203. கடைசி இரண்டு இலக்கம் உள்துளையைச் சொல்லும்: 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கினால் போதும். 6203 என்பது 17 உள்ளே, 40 வெளியே, 12 அகலம். பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் தகர மூடி. டைனமோவுக்கு இரண்டும் ஓடும். தூசிக்கு ரப்பர் மூடிதான் நல்லது. போலி பேரிங் நிறைய உலவுகிறது. அட்டையைவிட வளையத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். சீராக, ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் துடைத்துவிட்டுக் காதருகே சுழற்றினால் மணல் சத்தம் வரக் கூடாது.

கார்பன் பிரஷ் விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். அளவு கொஞ்சம் பெரிதாக இருந்தால் கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யலாம், அதில் குற்றமில்லை. ஆனால் செல்ஃப் மோட்டார் பிரஷில் செம்பு கலந்திருக்கும். டைனமோ பிரஷ் அதைவிட மென்மையான கரி. செம்புப் பிரஷைத் தேய்த்து டைனமோவில் போட்டால், பிரஷ் உரச உள்ளே சுழலும் கம்யூட்டேட்டரைத் தின்றுவிடும். நிறத்தைப் பார்த்தாலே தெரியும். தேய்த்த முகம் செம்பு மினுக்கம் காட்டினால் அது செல்ஃபுக்கு.

பெட்ரோல் ஹோஸ் இரண்டு மீட்டர். 2023 பிப்ரவரியில் தொடங்கி, இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பங்குகளில் பரவியபின் பழைய கறுப்பு ஹோஸ் உள்ளே ஊறி, உதிர்ந்து, கார்புரேட்டர் ஊசியில் போய் அடைக்கிறது. ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். உட்புறம் ஃப்ளூரோ ரப்பர் பூசியது. சாதாரண ஹோஸைவிட மூன்று மடங்கு விலை சொன்னார்கள். கொடுக்கலாம். எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவதோடு ஒப்பிட்டால் அது விலையே இல்லை. ஏசி பம்ப் டயாப்ரமுக்கும் இதே கதைதான். கிட் 260 ரூபாய்க்கு முந்தாநாளே ஜி.பி. ரோட்டில் கிடைத்திருந்தது. பழைய டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

சீல் கடையிலும் கேட்டாயிற்று. பழைய சீலின் எண் தேய்ந்து போயிருந்தது. கடைக்காரர் வெர்னியர் வைத்தார். வெளிவட்டம் ஐம்பத்திரண்டரைக்குக் கிட்டே வந்தது. "இப்படி ஒரு சைஸே கிடையாதுங்க" என்று கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். இது ஃபியட் தனியாகச் செய்த சீல் என்று முடிவுகட்டியது அங்கேதான். பம்பாய் போகும் எண்ணம் பிறந்ததும் அங்கேதான்.

ஆகஸ்ட் 8, வியாழன். கோயம்புத்தூர்

சென்னைப் புழுக்கத்துக்குப் பிறகு கோவைக் காற்று இதமாக இருந்தது. நஞ்சப்பா ரோட்டில் உதிரிபாகக் கடைகள், உக்கடத்தில் பழைய சாமான். ஆனால் இங்கே வந்தது லேத் வேலைக்கு. பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர். இரண்டே இரண்டு புஷ் என்றாலும் முகம் கோணாமல் வாங்கிக்கொள்கிற பட்டறைகள் இன்னும் இருக்கின்றன.

ஸ்டீயரிங் தண்டுக் கியரில் ஆட்டம் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கியர்பாக்ஸ் அல்ல. தண்டுக்குக் கீழே, கியர்க் கம்பிகள் சேரும் இடங்களில் ஊசியைச் சுற்றி உட்காரும் சிறு குழாய்களான லிங்கேஜ் புஷ்கள். ஒவ்வொன்றிலும் அரை மில்லி தேய்ந்தால் மேலே கம்பியில் இரண்டு விரல் ஆட்டம் தெரியும். இந்தப் புஷ்ஷைக் கடைகடையாகத் தேடுவது வீண். சாம்பிளைக் காட்டிக் கடைந்துகொள்வதுதான் வழி. ஆனால் தேய்ந்த புஷ்ஷை மட்டும் கொடுத்து "இதே மாதிரி" என்றால் தேய்மானத்தோடு சேர்த்துக் கடைந்து தருவார்கள். உள்ளே ஓடும் ஊசியையும், புஷ் உட்காரும் துளையின் அளவையும் கொடுக்க வேண்டும். ஊசி 12 மி.மீ. என்றால் உள்துளை 12.03 முதல் 12.05. வெளிவட்டம் துளையைவிட 0.02 முதல் 0.04 அதிகம் இருந்தால் வைஸில் வைத்து அழுத்தும்போது இறுகி நிற்கும். அழுத்தியபின் உள்துளை மயிரிழை அளவு சுருங்கும். ஆகவே கடைசி ரீமர் பொருத்தியபின்தான்.

பட்டறைக்காரர் கன்மெட்டலா, நைலானா என்று கேட்டார். நைலான் சத்தம் போடாது, ஆனால் ஈரம் உறிஞ்சி வீங்கும். மழைக்காலத்தில் கியர் இறுகிவிடும். "டெல்ரின் போட்டுக்கலாங்க, வீங்காதுங்க" என்றார். அதுவும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான். சரியான யோசனை. நான்கு புஷ், 600 ரூபாய், மாலை நாலு மணிக்குத் தயார். காத்திருந்த நேரத்தில் பட்டறைப் பையனோடு பகிர்ந்துகொண்ட தேங்காய் பன் அன்றைய மதியச் சாப்பாடு.

அவர் கண்ணில்தான் சீல் பட்டது. கையில் வாங்கி அழுத்திப் பார்த்துவிட்டு, "இது ஆயில் குடிச்சு ஊதிப்போச்சுங்க. இத அளக்கக்கூடாதுங்க. உக்கார்ற குழியையும் ஓடுற சாஃப்ட்டையும் அளக்கணும்" என்றார். நேற்று சீல் கடையில் கிடைத்த அளவு அப்படியே செல்லாததாகிவிட்டது. குழி இருப்பதோ சென்னையில், லிஃப்டில் ஏற்றி நிறுத்திய வண்டியில். மெக்கானிக் ஷெட்டுக்குப் போன் போட்டு, ஷாஃப்ட்டையும் குழியையும் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளந்து அனுப்பச் சொல்லியாயிற்று. அளவு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி. பெங்களூர், சிவாஜிநகர்

வந்து இறங்கியபோது மணி பன்னிரண்டே கால். குஜிரி என்கிற பழைய சாமான் சந்துகளில் பாதிக் கடை ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. ஜும்மா நேரம். மூன்று மணி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பழைய சாமான் சந்தைக்கு வெள்ளிக்கிழமை போவதானால் காலை பத்திலிருந்து பன்னிரண்டு, அல்லது மூன்றுக்கு மேல். புதுப்பேட்டைக்கும் பம்பாய் குர்லாவுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

தமிழே போதும் இந்தப் பகுதியில். மூன்று மணிக்குக் கடை திறந்தவர், ஷட்டர் முன்னால் ஆள் காத்திருந்ததைப் பார்த்துவிட்டு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று கேட்டார். பின்பக்க லாம்ப் கண்ணாடி ஒரு ஜோடி கிடைத்தது. பிளாஸ்டிக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூத் துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருந்தால் இறுக்கும்போது பிளந்துவிடும். இதில் ஒன்றில் இருந்தது. வெடிப்பு முனையில் 1.5 மி.மீ. துளை போட்டு நிறுத்தி, வாஷருக்கு அடியில் மெல்லிய ரப்பர் வைத்தால் தாங்கும் என்பதால் விலை குறைத்து வாங்கியாயிற்று.

சாயங்காலம் பெருமழை. எல்லாரும் ஒரே டீக்கடைக் கூரைக்குக் கீழே.

ஆகஸ்ட் 10, சனி. ஜே.சி. ரோடு

மினர்வா சர்க்கிளிலிருந்து டவுன்ஹால் பக்கம் வரை உதிரிபாகக் கடைகள். காலையில் ஒரு பென்னே (வெண்ணெய்) தோசை, 80 ரூபாய். அதற்குமேல் மதியம் வரை பசிக்கவில்லை.

இங்கே சோலெக்ஸ் ஜெட் கிடைக்கிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் அளவைத் தீர்மானிக்கும் துளையிட்ட சிறு திருகு அது. ஜெட்டின் தலையில் உள்ள எண் துளையின் அளவு, ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கில். 120 என்றால் 1.20 மி.மீ. இ20 பெட்ரோலில் ஆக்சிஜன் கலந்திருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிந்து ஓடும். வண்டி மேட்டில் திணறினால், பிளக் முனை வெள்ளையாக இருந்தால், மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கிப் பார்க்கலாம். இரண்டு படிக்கு மேல் தாவ வேண்டாம். டிரில் பிட் விட்டுத் துளையைப் பெரிதாக்குவது கூடவே கூடாது. ஜெட்டின் வாய்ச் சரிவு கெட்டுவிட்டால் எண்ணுக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இருக்காது. விற்பனைக்கு வந்தவற்றிலேயே இப்படிக் குடைந்தவை இருந்தன. லென்ஸில் பார்த்தால் துளை விளிம்பில் சுருள் கீறல் தெரியும். அசல் ஜெட் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும்.

பயணத்தின் மோசமான நிமிடமும் இங்கேதான். பிரேக் குழாய்க்கு ஃபிளேர் நட் நான்கு வேண்டியிருந்தது. கடையில் ஒரு நட்டை எடுத்து, கொண்டுபோயிருந்த பழைய வீல் சிலிண்டரில் திருகிப் பார்த்தால் சுலபமாக இறங்கியது. மிகச் சுலபமாக. அதுதான் சந்தேகம் கிளப்பியது. மரை கேஜ் வைத்தால், நட் அம்பாசிடர்காரர்களுக்கான எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. சிலிண்டர் எம்10, ஒரு மில்லி இடைவெளி. அங்குல நட்டின் விட்டம் 9.53 மி.மீ., எம்10 துளைக்குள் அது லொடலொடவென்று போய்விடும். கையில் இறுக்கினால் பிடித்ததுபோலவும் இருக்கும். பெடலை ஓங்கி மிதிக்கும் நாளில் மரை உருவிக்கொண்டு வரும். அந்தக் கடையிலேயே எடுத்த நான்கு நட்டுகளில் மூன்றின் மரை அங்குலக் கணக்கு, ஒன்றுதான் மெட்ரிக், ஒரே டப்பாவில் கலந்து கிடந்தன. ஃபியட் வழி வந்த வண்டி மெட்ரிக், அம்பாசிடர் அங்குலம் என்பது பொது விதி. ஆனால் நாற்பது வருட வண்டியில் நடுவில் யார் என்ன மாட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மரையையும் கேஜ் வைத்தே தீர வேண்டும்.

வீல் சிலிண்டர் கப் புதிதாக, இந்த வருடத் தேதியோடு கிடைத்தது. கப்பில் அளவு அங்குலத்தில் வார்த்திருக்கும்: முக்கால் என்றால் 19.05 மி.மீ., எட்டில் ஏழு என்றால் 22.2, ஒன்று என்றால் 25.4. கப்பின் உதட்டை அளக்காதீர்கள், அது சிலிண்டரைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். சிலிண்டரின் துளையை அளக்க வேண்டும். பொருத்தும்போது பிரேக் ஃப்ளூயிட் தவிர வேறு எதையும் தடவக் கூடாது. கிரீஸோ எஞ்சின் ஆயிலோ பட்டால் ஒரு வாரத்தில் கப் ஊதிச் சிக்கிக்கொள்ளும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு. ரயிலில்

சோலாப்பூரில் வேர்க்கடலைச் சட்னிப் பொடி விற்றுக்கொண்டு வந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் தன் சப்பாத்தியைப் பிட்டுக் கொடுத்து, பொடியோடு எப்படித் தொட்டுச் சாப்பிடுவது என்று காட்டினார். லோனாவ்லாவுக்கு அப்புறம் மலைச்சரிவு முழுக்க அருவி. ஜன்னலோரம் வைத்த பையில் சாரல் புகுந்து, கேஸ்கெட் வெட்ட வாங்கிவைத்த பேக்கிங் பேப்பரும் கார்க்கும் நனைந்துவிட்டன. பேக்கிங் பேப்பர் ஈரத்தில் நீண்டு, காய்ந்தால் சுருங்கும். போல்ட் துளை பொருந்தாது. அறைக்குப் போனதும் இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றிக் காயவைத்ததில் கார்க் பிழைத்தது. பேப்பர் வீண். பேப்பரைச் சுருட்டாமல், மடிக்காமல், பிளாஸ்டிக் ஃபைலுக்குள் தட்டையாகக் கொண்டுவர வேண்டும்.

இரவு போனில் அளவும் வந்து சேர்ந்தது. ஷாஃப்ட்டும் குழியும் இரண்டுமே முழு மில்லிமீட்டர். தசமம் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள். பம்பாய், குர்லா

பத்மினி பிறந்த ஊர். பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலை இருந்தது குர்லாவில். பிரீமியர் ரோடு என்ற பெயர் மட்டும் இன்னும் பலகையில் இருக்கிறது. மழை விடவே இல்லை. கறுப்பும் மஞ்சளுமாய்ப் பல்லாயிரம் பத்மினிகள் டாக்ஸியாக ஓடிய நகரம். 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவான கடைசி பத்மினி டாக்ஸி, டாக்ஸிகளுக்கான 20 வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது.

அதன் விளைவைச் சி.எஸ்.டி. ரோட்டுக் கடைகளில் பார்க்கலாம். எல்லாம் இங்கே கிடைக்கும் என்று நினைத்து வந்தது தவறு. டாக்ஸிக்காரர்கள் தினமும் வாங்கிய பாயிண்ட், கப், கிளட்ச் பிளேட் போன்ற வேகமாகத் தேயும் சாமான்கள்தான் இங்கே முதலில் தீர்ந்திருக்கின்றன. வாங்க ஆளில்லாததால் கடைக்காரர்கள் புதிதாகச் சரக்கு எடுப்பதில்லை. டாக்ஸிக்காரர் ஒருபோதும் வாங்காதது மட்டும் அப்படியே இருக்கிறது: வென்டிலேட்டர் கொண்டி, மூலை மோல்டிங், உள்கூரைக் கைப்பிடி, குரோம் பட்டை. அழகுச் சாமானுக்கு பம்பாய், தேய்மானச் சாமானுக்குச் சொந்த ஊர் என்று மனதில் குறித்துக்கொள்ளலாம்.

இடது கொண்டி கிடைத்தது. பெட்டி பிரிக்காதது. 400 கேட்டார், 300க்குத் தந்தார். கூடவே எட்டு செராமிக் ஃப்யூஸ்: வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16. நிறம் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். வெள்ளை இருந்த இடத்தில் சிவப்பைப் போட்டால் ஃப்யூஸுக்கு முன்னால் வயர் உருகும்.

சீல் அளவை ஒரு பெரிய கடையில் காட்டியதும் அவர் தேடவே எழவில்லை. இந்தியில் அவர் சொன்னதன் சாரம் இது: இது கார் சீல் இல்லை, எல்லா மெஷினுக்கும் போடுகிற சாதாரண அளவு, உங்கள் ஊர் பேரிங் கடையிலேயே இருக்கும், இங்கே வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள்? விற்றிருக்கலாம், விற்கவில்லை. ஒரு கட்டிங் சாய் மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய். தாராவி, மாட்டுங்கா

கதவு பீடிங். மீட்டர் கணக்கில் விற்பது. ஒரு கதவைச் சுற்றி நூல் வைத்து அளந்து, அதற்குமேல் கால் மீட்டர் சேர்த்து வாங்க வேண்டும். நடுவில் ஒட்டுப்போட்ட பீடிங் மழைக்கு நிற்காது. தகரப் பிடிக்குள் உட்காரும் பள்ளத்தின் அகலத்தையும், அதன்மேல் எழும் குமிழின் உயரத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். குமிழ் இரண்டு மில்லி உயர்ந்தாலே கதவு அறைந்தால்தான் மூடும், கொஞ்ச நாளில் பூட்டு நாக்கு தேயும். கட்டைவிரலால் பத்து விநாடி அமுக்கி விட்டால் உடனே எழுந்தால் ஸ்பாஞ்ச் ரப்பர், பள்ளம் அப்படியே நின்றால் பிவிசி. பிவிசி இரண்டு கோடையில் கல்லாகிவிடும்.

கடைக்காரர் பேசியது திருநெல்வேலித் தமிழ். "சென்னையில இருந்தா வாரிய? பீடிங்குக்கா?" என்று வியந்து, 15 மீட்டரையும் பெரிய வட்டமாகச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். இறுக்கிச் சுற்றினால் மடிப்பு விழுந்து அப்படியே நின்றுவிடும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. மீட்டர் 90 ரூபாய். ஆறு நாளுக்குப் பிறகு மாட்டுங்காவில் இட்லியும் ஃபில்டர் காபியும்.

ஆகஸ்ட் 17, சனி. சென்னை

முதலில் பாரிமுனை. அதே தெரு, அதே சீல் கடை. இந்த முறை பழைய சீலைப் பையை விட்டு எடுக்காமல் ஷாஃப்ட், குழி, அகலம் என்று மூன்று எண்கள் மட்டும். இரண்டாம் தட்டிலிருந்து எடுத்து வைத்தார். 85 ரூபாய். அளவை இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. நடுவில் கியர்பாக்ஸ் மாறிய வண்டிகள் நிறைய. உங்கள் வண்டியின் குழியை நீங்களே அளந்துகொள்வதுதான் பாதுகாப்பு.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. சுருள் கம்பி தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் கியர் ஆயில் தடவாமல் மாட்டினால் முதல் சுழற்சியிலேயே கருகும். ஷாஃப்ட்டில் பழைய உதடு அறுத்த பள்ளம் நகத்துக்குத் தட்டுப்பட்டது. அதனால் சீலை முழுக்க உள்ளே தள்ளாமல் இரண்டு மில்லி வெளியே நிறுத்தியாயிற்று. உதடு இப்போது தேயாத இடத்தில் ஓடுகிறது. சுத்தியலால் ஒரு பக்கம் அடிக்கக் கூடாது, வெளிவட்டத்துக்குச் சமமான குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் ஒரே சீராக இறக்க வேண்டும்.

மாட்டுவதற்கு முன் கியர்பாக்ஸ் மூச்சுத்துளையைக் கம்பி விட்டுப் பார்த்ததில் சேறு இறுகி அடைத்திருந்தது. சூடாகி உள்ளே அழுத்தம் ஏறினால் எவ்வளவு நல்ல சீலானாலும் ஆயில் அதைத் தாண்டி வெளியே வரும். பழைய சீல் கசிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்து, துளையைத் திறந்த பிறகுதான் ஆயில் நிரப்பினோம். நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இரவு முழுக்க அடியில் வெள்ளை அட்டை விரித்து வைத்திருந்தது. காலையில் அட்டையில் பொட்டு இல்லை.